செங்கோடண்ணன் கொடுத்த நற்சான்று

1

போன வாரம் ராசிபுரத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். என் பெயரும் நம்பரும் அவருக்கு எப்படிக் கிடைத்தன என்று கேட்டேன். "எல்லாம் நம்மாளுங்ககிட்டத்தானுங்க" என்று அதை முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க, உங்க கம்பெனியில வெளிநாட்டு ஆள எடுக்கற லைசென்ஸ் இருக்குதாமா? நெசந்தானுங்களா?"

இருக்கிறது என்றேன்.

"அப்ப நம்ம பையனுக்கு ஒரு விசா அடிச்சுக் குடுத்துருங்க" என்றார், ரப்பர் ஸ்டாம்பு என் சட்டைப்பையில் இருக்கிற மாதிரி.

மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவன். மனைவி மல்லிகா நர்ஸ். அவளுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது, அவள் விசாவில் நான் ஒட்டிக்கொண்டு வந்தேன். பதினாறு வருஷமாக விக்டோரியா மாநிலத்தில், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கிற ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். இங்கேயும் எனக்கு அதே வேலைதான். அங்கே கோழித் தீவனம் ஏற்றும் லாரி, இங்கே மாடு ஏற்றும் லாரி. தகரமும் வெல்டிங் புகையும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். முதலாளி பெயர் கிரெக். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைவிடக் கோபக்காரர்.

2

போன வருஷம் எங்கள் பட்டறையில் ஒருவர் ஓய்வு பெற்றார். இன்னொருவர் சுரங்க வேலைக்குப் போய்விட்டார். மாட்டுச் சந்தைக்காரர்கள் கொடுத்த ஆர்டருக்கு வந்த லாரிகள் பாடி இல்லாமல் வாசலில் வரிசையாக நின்றன. "உன் ஊரில் தெருவுக்குத் தெரு லாரி கட்டுகிறார்கள் என்று இத்தனை வருஷமாகச் சொல்கிறாயே, ஒருவரைக் கூப்பிடேன்" என்றார் கிரெக்.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. குமரேசன்.

குமரேசன் ஜேடர்பாளையத்துப் பக்கம். நாமக்கல்லில் நான் வேலை பார்த்த செங்கோடண்ணன் பட்டறையில் எனக்குப் பின்னால் சேர்ந்தவன். தகரத்தை அளக்காமலே வளைப்பான். வளைத்த பிறகு அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். இப்போது வயது முப்பத்தேழு, கல்யாணம் ஆகவில்லை. நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் இப்படி இருப்பது உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டார் வருகிறார்கள், காபி குடிக்கிறார்கள், "பட்டறை வேலைங்களா?" என்று கேட்கிறார்கள், அப்புறம் வேறு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

குமரேசனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் சொன்னான்: "அண்ணா, சம்பளமெல்லாம் நீங்க பாத்துச் சொல்றதுதானுங்ணா. எனக்கு அந்த விசா வந்தாப் போதும். வெளிநாட்டு மாப்ளன்னு சொன்னா ஒரு கல்யாணம் ஆயிருமுங்ணா. இதுவும் இல்லீன்னா அம்மா ஜாதகத்தைத் தூக்கிப் பரண் மேல போட்டுருமாட்ட இருக்குது."

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. எட்டு வருஷமாக அந்த ஜாதகத்தை எடுத்துக்கொண்டு அலைகிற குடும்பம் அது. இவனை எப்படியாவது கொண்டுவந்து சேர்ப்பது என்று அன்றைக்கே எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. ஒரு ஃபோன் போட்டு வரச் சொன்னால் தீர்ந்தது என்று கிரெக் நினைத்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஏனென்றால் என்னை வேலைக்கு எடுத்த விதம் அப்படி. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, வேலை கேட்கச் செங்கோடண்ணன் பட்டறை வாசலில் நின்றேன். அவர் பெயர் கேட்கவில்லை, சான்றிதழ் கேட்கவில்லை. "அந்தச் சுத்தியப் புடி" என்றார். பிடித்தேன். மத்தியானம் எனக்கும் சேர்த்து ஒரு பார்சல் சாப்பாடு வந்தது. அதுதான் நியமன உத்தரவு. பத்து வருஷம் அங்கே இருந்தேன்.

3

இங்கே அப்படி இல்லை. ராசிபுரத்துக்காரர் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்று கதவுகள் உண்டு. முதலில், வெளிநாட்டு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளும் தகுதி இந்த முதலாளிக்கு உண்டா என்று பார்த்து ஓர் அனுமதி. அடுத்தது, அந்த வேலை உண்மையான வேலையா, உள்ளூரில் அதற்கு ஆள் கிடைக்கவில்லையா என்று பார்த்து இன்னோர் அனுமதி. கடைசியில்தான் வருகிற ஆளுக்கு விசா. நம்மாட்கள் எல்லோரும் மூன்றாவது கதவைப் போய்த் தட்டுகிறார்கள்.

இதற்கென்று காசு வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுக்கிற ஆட்கள் உண்டு. கிரெக்குக்கு அவர்களைப் பிடிக்காது. "நீ படித்தவன்தானே, நீயே எழுது" என்றார். அப்படி நான் குமாஸ்தா ஆனேன்.

"உங்கள் நிறுவனம் சட்டப்படி இயங்கிவருகிறது என்பதற்கு ஆதாரம் தருக" என்பது முதல் கேள்வி. கிரெக்குக்கு முகம் சிவந்துவிட்டது. "முப்பது வருஷமாக இதே இடத்தில் நிற்கிறேன். சந்தேகம் இருந்தால் வந்து கதவைத் தட்டச் சொல்" என்றார். அப்படி எழுத முடியாது என்று சொல்லி, பழைய காகிதங்களைக் கேட்டேன். அவர் காகிதங்களை எல்லாம் ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு வைத்திருந்தார். வனிலாவில் வரி, சாக்லேட்டில் மின்சாரம், மாம்பழத்தில் காப்பீடு. ஒரு மாதம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் அந்த டப்பாக்கள்தான் இருந்தன. மல்லிகா தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள்.

அனுமதி கேட்கிற முதலாளி சில உறுதிமொழிகளும் கொடுக்க வேண்டும். வந்த ஆளின் கணக்கு வழக்கை ஒழுங்காக வைத்திருப்பேன், அவன் வேலையை விட்டாலோ வேலை மாறினாலோ தகவல் சொல்வேன், அதிகாரிகள் சோதிக்க வந்தால் ஒத்துழைப்பேன். இதற்கெல்லாம் மேலே ஒன்று: முதலாளி இந்த அனுமதிகளுக்குக் கட்டும் பணத்தைத் தொழிலாளியிடம் வாங்கக்கூடாது. இதை நான் ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. பேரம் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "தோட்டத்த வித்தாச்சும் குடுத்தறமுங்க" என்கிறார்கள். ஐயா, விற்காதீர்கள்.

முதல் அனுமதி வந்த அன்றைக்குக் கிரெக் அந்தக் கடிதத்தை மதியச் சாப்பாட்டு அறையின் ஃபிரிஜ் மேல் காந்தம் வைத்து ஒட்டினார். பள்ளிக்கூடத்தில் மகன் பரிசு வாங்கியதைப்போல் வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

4

இரண்டாவது அனுமதிக்கு உள்ளூரில் விளம்பரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நாலு வாரம், குறைந்தது இரண்டு இடத்தில். விளம்பரத்தை எழுதியவள் என் மகள் தாரணி. கல்லூரியில் முதல் வருஷம் சட்டம் படிக்கிறாள். நாம் பேசும் தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும். பதில் சொல்லும்போது வினைச்சொல் வரும்வரை தமிழில் வருவாள், அங்கே இறங்கி ஆங்கில பஸ் பிடித்துவிடுவாள். "கண்ணளவு தெரிந்தவர் தேவை என்று எழுது" என்றேன். "அப்பா, அதுக்கு என்ன சர்ட்டிஃபிகேட்?" என்று கேட்டுவிட்டு, எழுதாமல் விட்டுவிட்டாள்.

ஆள் வேண்டும் என்று விளம்பரம் போட்டுவிட்டு, யாரும் வந்துவிடக்கூடாது என்று நாமக்கல் ஆஞ்சநேயரை வேண்டிக்கொண்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ரொட்டிக் கடையில் வேலை பார்த்த இளைஞர், வெல்டிங் பொறி பறந்ததும் காருக்குப் போய்விட்டார். இன்னொருவர் கிரெக்குக்குப் பள்ளியில் பாடம் நடத்தியவர், வயது எழுபத்தொன்று. இரண்டு டீ குடித்தார், கால்பந்து பேசினார், நல்ல விளம்பரம் என்று பாராட்டிவிட்டுப் போனார். மூன்றாமவர் உண்மையான வேலைக்காரர். அரை நாள் வேலை செய்து காட்டினார். அவர் கையைப் பார்க்கப் பார்க்க நான் ஆஞ்சநேயருக்கு வேண்டுதலைக் கூட்டிக்கொண்டே போனேன். அவர் சரி என்று சொல்லியிருந்தால் அவரைத்தான் எடுத்திருக்க வேண்டும். அதுதான் சட்டம், நியாயமும் அதுதான். இரண்டு நாள் கழித்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்துவிட்டதென்று ஃபோன் செய்தார். நான் வாழ்த்திய வாழ்த்தில் அவரே கொஞ்சம் பயந்திருப்பார்.

5

இரண்டாவது அனுமதியும் வந்தது. இப்போது குமரேசன் பக்கத்துக் காகிதங்கள். அவன் முழு நேரத் தொழிலாளியாக இத்தனை வருஷம் இன்ன இடத்தில் வேலை பார்த்தான் என்று அவனுடைய முதலாளி சான்று தர வேண்டும். செங்கோடண்ணனிடம் லெட்டர்பேடு கிடையாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் சொல்லி அடித்து வாங்கினார். மேலே பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் "எங்கள் குமரேசன் மிக நல்ல பையன்" என்று ஒரே வரி. அது செல்லாது என்று, நானே விவரமாக ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். வாரச் சம்பளத்தில் வேலை செய்யும் ஊழியர், பணி இன்னது, நேரம் இன்னது என்று எல்லாம் அதில் இருந்தது. அண்ணன் கையெழுத்துப் போட்டு, கீழே தன் ஃபோன் நம்பரையும் எழுதி அனுப்பினார்.

"யாராச்சும் கூப்புட்டு விசாரிப்பாங்கண்ணா, பதில் சொல்லிருங்க" என்று சொல்லிவைத்தேன்.

"விசாரிக்கட்டும் கண்ணு. குமரேசனப் பத்தி எங்கிட்டக் கேட்டா நான் வுட்டுக் குடுப்பனா?" என்றார்.

யார் விசாரிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

நம் பக்கத்தில் விசாரிப்பது என்றால் ஒன்றுதான். பெண் கொடுப்பதற்கு முன்னால் பையன் வேலை செய்கிற இடத்தில் போய்க் கேட்பார்கள். இப்போது யாரும் நேரில் வருவதில்லை, ஃபோனில் கேட்கிறார்கள். கேட்கப்பட்டவர் நல்லதாகத்தான் சொல்ல வேண்டும். ஒரு சொல் குறைத்துச் சொல்லி ஒரு கல்யாணம் நின்றுபோனால் அந்தப் பாவம் ஏழு ஜென்மத்துக்கும் போகாது. அதனால் எல்லோரும் இரண்டு சொல் கூட்டியே சொல்வார்கள், கேட்பவர்களும் அதைத் தெரிந்துகொண்டு கழித்துக்கொள்வார்கள்.

பனமரத்துப்பட்டியிலிருந்து மல்லிகாவின் அப்பா என்னை விசாரிக்க வந்தபோது, "பையன் டீ கூடத் தொட மாட்டானுங்க" என்று சொன்னவர் இதே செங்கோடண்ணன். அப்போது நான் பட்டறைக்குப் பின்னால் ஒரு கையில் டீயும் ஒரு கையில் சிகரெட்டுமாக நின்றிருந்தேன். மாமனார் கழிக்கத் தெரியாதவர், அப்படியே நம்பிவிட்டார். இப்போதும் நான் டீ கேட்டால், "நீங்கதான் டீயே தொட மாட்டீங்களே" என்று மல்லிகா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

6

சான்று அனுப்பி ஒரு மாதம் இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, எப்போதும்போல் நாமக்கல்லுக்குப் பேசினேன். அங்கே சாப்பாட்டு நேரம். செங்கோடண்ணன் குரலில் ஒரே குதூகலம்.

"கண்ணு, நம்ம குமரேசனுக்குப் பொண்ணு அமையப் போவுது. நேத்து ஒரு புள்ள கூப்புட்டு விசாரிச்சுது. நெம்பப் படிச்ச புள்ளையாட்ட இருக்குது, என்ன மரியாதை, என்ன பதனம்! நம்ம பக்கத்துப் பேச்சு இல்ல, ஆத்தூர்ப் பக்கமாட்டத் தெரிஞ்சுது. ஜவ்வரிசிச் சேகோ ஆலை வெச்சிருக்கற குடும்பமா இருந்தாலும் இருக்கும்னு நெனச்சு, ஒரு ஏக்கராவ மூணு ஏக்கராவா ஆக்கிப்போட்டேன்."

நானும் அதே ஊர்க்காரன்தானே. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சந்தோஷமாக மல்லிகாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். கல்யாணத்துக்கு லீவு கிடைக்குமா என்று அவள் அப்போதே காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அடுத்த மாதம் குடியேற்றத் துறையிலிருந்து கடிதம் வந்தது. அவர்கள் எதையும் விட்டுவைப்பதில்லை. சொன்னதைச் சொன்னபடி வரிசையாக எழுதியிருந்தார்கள். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

"மேற்படி நபரின் பணி அனுபவம் குறித்து தமிழ் பேசும் எமது அலுவலர் தொலைபேசியில் விசாரித்தபோது, அவர் தமது நிறுவனத்தின் ஊழியர் அல்ல, பாதிப் பங்குதாரர் என்று நிறுவன உரிமையாளர் தெரிவித்தார். சம்பளம் குறித்துக் கேட்டதற்கு, அவருக்குச் சம்பளம் வாங்க வேண்டிய தேவை இல்லை என்று தெரிவித்தார். மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருப்பதாகத் தெரிவித்தார். கிணற்றில் எப்போதும் தண்ணீர் இருப்பதாகத் தெரிவித்தார். தங்கைக்குத் திருமணம் முடிந்துவிட்டதால் வேறு பொறுப்புகள் இல்லை என்று, கேட்கப்படாமலே தெரிவித்தார். மேற்படி நபர் வேலைக்காக வெளிநாடு செல்ல வேண்டிய அவசியமே இல்லை என்றும் தெரிவித்தார். இது தாங்கள் சமர்ப்பித்த சான்றுக்கு முரணாக உள்ளது."

இருபத்தெட்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பொய்த் தகவல் என்று முடிவானால், குமரேசன் மூன்று வருஷத்துக்கு விசா கேட்கவே முடியாது. அப்போது அவனுக்கு நாற்பது வயது ஆகியிருக்கும்.

செங்கோடண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, அன்னைக்கு உங்ககிட்டப் பேசுனது பொண்ணு ஊட்டுக்காரங்க இல்லீங்க. ஆஸ்திரேலியா கவர்மெண்டு."

பக்கத்தில் தகரம் தட்டிக்கொண்டிருந்தவனை அண்ணன் நிறுத்தச் சொன்னார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்தப் புள்ள ஆஸ்திரேலியா விசயமாப் பேசறேன்னுதான் சொல்லுச்சு. பொண்ணு அங்க இருக்குதாக்கும்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு."

"சம்பளம் எவ்வளவுன்னு கேட்டாங்களே, அப்பக்கூடத் தோணலீங்களா?"

"பொண்ணு ஊட்டுல மொதல்ல அதத்தான கேப்பாங்க? சம்பளக்காரன்னா டக்குனு ஃபோன வெச்சுருவாங்க. அதுக்குத்தான் பங்குன்னு சொன்னேன்."

"தென்னந்தோப்பு?"

"அது அவன் மாமனோடது. இவனோட ஒரு ஏக்கராவுக்குப் பக்கத்துலதான இருக்குது" என்றார்.

7

தாரணி கடிதத்தைப் படித்தாள். "அப்பா, அந்த அங்கிள் எதுக்குப் பொய் சொன்னார்?"

"அது பொய் இல்ல கண்ணு. விசாரிப்பு."

"இல்லப்பா. அது பொய்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னைப் பத்தியும் யாராவது கூப்பிட்டு இப்படிக் கேப்பாங்களா?" என்றாள். மல்லிகா, "இவளப் பத்தி என்னத்தக் கூட்டிச் சொல்றது, எழுந்திருக்கறதே பத்து மணிக்கு" என்றாள். தாரணி சிரித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் கடிதத்தைக் கையோடு எடுத்துப் போயிருந்தாள்.

அவள் யோசனைதான் சரியாக இருந்தது. நம் பழக்கவழக்கத்தை விளக்கி நான் பத்துப் பக்கம் எழுதினால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். செங்கோடண்ணனே நோட்டரி முன்னால் ஓர் உறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அவள் ஆங்கிலத்தில் எழுத, நான் பக்கத்தில் தமிழில் எழுதினேன். "குமரேசன் என் பட்டறையில் வாரச் சம்பளத்துக்கு வேலை செய்பவர். பட்டறையில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. நான் தொலைபேசியில் சொன்னவை உண்மையல்ல." மூன்றே வரி. வாட்ஸப்பில் அனுப்பினேன்.

பத்திரம் வரவில்லை. முதலில் மழை என்றார் அண்ணன். அப்புறம் அமாவாசை. அப்புறம் நோட்டரி ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். குமரேசன் கூப்பிட்டு, "அண்ணன் நாலு நாளா எம்மூஞ்சிய ஏறிட்டே பாக்க மாட்டேங்கறாருங்ணா. எம்மேல கோவமுங்களா?" என்றான். இருபத்தெட்டு நாளில் ஐந்துதான் பாக்கி. கிரெக் தினமும் காலையில் என்னைப் பார்த்ததும் விரல்களைக் காட்டுவார். நான் தலையை ஆட்டுவேன்.

சனிக்கிழமை சாயங்காலம் செங்கோடண்ணனே கூப்பிட்டார்.

"கண்ணு, நோட்டரிகிட்டப் போனேன். அந்தாளு எனக்கு வாசிச்சுக் காட்டுனான். 'எந்தப் பங்கும் இல்லை'ங்கற எடத்துல பேனா ஓட மாட்டேன்னுருச்சு."

"அண்ணா, அது உண்மைதானுங்களே?"

"உண்மைதான். ஆனா எட்டு வருசமா வர்ற ஃபோனுக்கெல்லாம் அவனுக்குப் பாதிப் பங்கு, பாதிப் பங்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கறேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசமாட்ட ஆயிப்போச்சு. பெங்களூர்ல இருக்கற எம்பையன் பட்டறைக்குள்ள காலெடுத்து வெச்சு அஞ்சு வருசம் ஆவுது. கேட்டா, எடத்த வித்துரலாமுங்கறான். இவன் தெனமும் எனக்கு முன்னால வந்து ஷட்டரத் தூக்கறான். இவன எதுக்கால உக்கார வெச்சுக்கிட்டே, இவன் கூலிக்காரன், ஒண்ணுமில்லாதவன்னு எழுதிக் கையெழுத்துப் போடோணுமா? அதான் நெனச்சேன். பொய்யின்னு எழுதிக் குடுக்கறதுக்கு, நெசமாவே ஆக்கிப்போட்டா என்ன?"

"என்ன சொல்றீங்க?"

"வக்கீலப் பாத்துப் பங்குப் பத்திரம் எழுதியாச்சு கண்ணு. குமரேசனும் கையெழுத்துப் போட்டுட்டான். பாதி."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கத்தினேன். ஆறு மாதமாக ஐஸ்கிரீம் டப்பாக்களோடு நான் பட்ட பாடு என்ன ஆவது, எங்கள் பட்டறைக்கு ஆளுக்கு எங்கே போவது, உங்களுக்கு வேலை செய்ய ஆள் வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும் என்று கேட்டேன். "ஆமா, அதுவுந்தான்" என்றார் ஒளிக்காமல். "நீ போனப்ப நான் ஒண்ணுஞ் சொல்லல. இவனும் போயிட்டா யாரு சாமி இருக்கறா எனக்கு?"

அதற்குமேல் என்னால் கத்த முடியவில்லை.

இப்போது சிக்கல் தலைகீழாக ஆகிவிட்டது. செங்கோடண்ணன் ஃபோனில் சொன்னது உண்மையாகிவிட்டது. நாங்கள் மனுவில் எழுதியது பழங்கதை ஆகிவிட்டது. சான்று எழுதிய தேதியில் அவன் ஊழியர்தான் என்பதற்கு வங்கிக் காகிதங்களை வைத்து ஒரு விளக்கம் கொடுத்து, மனுவைத் திரும்பப் பெற்றோம். திரும்பப் பெறும் காரணத்தை எழுதச் சிறிய கட்டம் ஒன்று இருந்தது. தாரணி வெகுநேரம் யோசித்து, "விண்ணப்பதாரரைப் பற்றி அவருடைய முதலாளி சொன்னபடியே அவர் ஆகிவிட்டார்" என்று எழுதினாள். கிரெக் அதைப் படித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். அப்புறம் எழுந்து போய் வாசலில் நின்ற லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். துறை விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. தடை எதுவும் போடவில்லை.

8

குமரேசன் போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். முதலாளி என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டதாம். பட்டறையை நடந்து காட்டினான். செங்கோடண்ணன் மூலையில் நாற்காலி போட்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"விசா போச்சேன்னு வருத்தமா குமரேசா?"

"வருத்தமெல்லாம் இல்லீங்ணா. பத்திரத்துல எம்பேரப் பாத்தப்ப அண்ணன் முன்னாலயே அழுதுப்போட்டனுங்ணா. வெக்கமாப் போச்சு." கொஞ்ச நேரம் கேமராவை எங்கோ திருப்பி வைத்திருந்தான். "ரெண்டு எடத்துலருந்து விசாரிச்சிருக்காங்க. அண்ணன் இப்ப உள்ளத உள்ளபடிதான் சொல்றாரு. கேக்கறவங்கதான் பாதியக் கழிச்சுக்கறாங்க."

சிரித்தோம். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி இழுத்தான்.

"அண்ணா, ஆர்டர் நெறையக் கெடக்குதுங்ணா. ஆளு பத்தல. பொறுப்பாப் பாத்துக்கறதுக்கு நம்மாளு ஒருத்தர் வேணும். அண்ணனும் நீங்க வருவீங்களான்னு கேட்டுப் பாக்கச் சொன்னாரு. நீங்க வந்துருங்ணா. இங்க உங்களுக்கு ஒரு ஃபாரமும் வேண்டியதில்ல, யாரு அனுமதியும் வேண்டியதில்ல. சேலத்துல எறங்கி பஸ் ஏறுனா ஒரு மணி நேரம். நேரா வந்து சுத்தியப் புடிக்க வேண்டியதுதான்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் இந்த நாட்டுக் குடிமகன் ஆனேன். நகரசபை மண்டபத்தில் உறுதிமொழி எடுத்துக்கொண்டேன். கைகுலுக்கி, தொட்டியில் வைத்த ஒரு செடி கொடுத்தார்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தூதரகத்துக்கு அனுப்பினேன், ரத்து என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. விசா இல்லாமல் போய்வர, வெளிநாட்டில் குடியேறிய இந்தியர்களுக்கு இந்திய அரசு கொடுக்கும் அட்டைக்கு மனுப் போட வேண்டும். அடுத்தவன் மனுவை ஆறு மாதம் எழுதிய நான் என் மனுவை இன்னும் எழுதவில்லை. நான் நாமக்கல் பஸ் நிலையத்தில் கால் வைக்க இப்போது விசா வேண்டும். குமரேசன் பட்டறையில் சுத்தியல் பிடிக்க வேண்டுமென்றால், என்னை வேலைக்கு எடுக்க அவன்தான் காகிதம் கொடுக்க வேண்டும்.

அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"வாரேன் குமரேசா" என்றேன்.